விறகடுக்குச் சிலந்தி

ஜீவராணியா சிலந்தியைப் பிடித்து வந்து புருஷன் சட்டைக்குள் விட்டாள்? சொல்கிற வாய்க்குக் கூச்சம் வேண்டாமா! செத்த பல்லியை எடுத்துப் போடவே பக்கத்துக் காம்பரா வீட்டில் ஆள் கூப்பிடுகிறவள் அவள்.

ராகலைக்கு மேலே, காட்டை ஒட்டின தேயிலைத் தோட்டம் அது. கொழுந்து நிறுத்துவிட்டு வரும்போது காட்டோரத்தில் விறகு பொறுக்கி, தலையில் சுமந்து வந்து, குடியிருக்கும் லயத்து வரிசைக்குப் பின்னால் அடுக்குவாள். புருஷன் ஆண்டியப்பன் அந்த அடுக்கைத் தொடுவது ஒரே காரியத்துக்குத்தான்: சாராயப் போத்தலை ஒளிக்க. அன்றைக்கு அந்தியில் போத்தலுக்குக் கையை விட்டான். விறகோடு காட்டிலிருந்து வந்திருந்த கறுப்புச் சிலந்தி, முதுகில் சிவப்புப் பட்டை போட்டது, ஒரே கடி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வேர்த்துக் கொட்டி, வாசலில் உருண்டான் அந்த மகாவீரன்.

கொழுந்து லொறியை மறித்து ஏற்றிப் போனவள் ஜீவராணி. ஆஸ்பத்திரியில் அவன் கட்டிலுக்கடியில் தரையில் கிடந்தவளும் அவள்தான். பிழைத்துக்கொண்டான். அந்தச் சாதிக்கு ஆயுசு கெட்டி.

அதற்குள் அடுத்த காம்பரா சர்மிளா போனில் பார்த்துவிட்டாளாம். “அதுக்குப் பேரே விதவைச் சிலந்தியாம்டி! ஆம்பளைப் பூச்சியைத் தின்னுருமாம். காட்டுக்குப் போறவளுக்கு அதைப் பிடிச்சு வந்து புருஷன் சட்டைக்குள்ள விடத் தெரியாதா?” போன் சொன்னால் போதும், இந்த லயத்துக்கு மூளை எதற்கு? மலையில் கொழுந்து பறிக்க ஜீவராணிக்குப் பக்கத்து நிரையில் நிற்க ஒருத்தி வரவில்லை.

ஒருநாள் அடுப்புக்கு விறகை இழுத்தபோது அந்தப் போத்தல் அவள் கையில் அகப்பட்டது, கழுத்தில் சிலந்திக்கூடு ஒட்டியபடி. ஆனாலும் அதை யாரிடமும் காட்டவில்லை. புருஷன் வாயால் ஒரு சொல் வரட்டும் என்று இருந்தாள்.

ஆண்டியப்பன் வீடு வந்த அன்று சனம் பிஸ்கட் பக்கட்டோடு கூடிவிட்டது. எல்லாருக்கும் முன்னால் கேட்டாள்: “ஏங்க, எங்க கையை விட்டீங்க? சொல்லுங்க.”

அவன் கூரைத் தகரத்தைப் பார்த்தான். “சட்டையைப் போட்டேன்… கடிச்சிருச்சு. எனக்கென்ன தெரியும்?”

“பார்த்தீங்களா!” என்றாள் சர்மிளா.

ஜீவராணி பின்பக்கம் போனாள். போத்தலைக் கொண்டுவந்து அவன் தலைமாட்டில் நட்டு வைத்தாள்.

“இதாங்க உங்க சட்டை. போட்டுக்குங்க.”

இரண்டு சேலையைப் பையில் திணித்தாள். நோட்டன் பிரிட்ஜ் ஊரில் அவள் அக்கா இருக்கிறாள். வாசலை அடைத்து நின்ற சர்மிளாவிடம், “தள்ளு, பூச்சி வருது” என்றாள்.

சர்மிளா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். ஜீவராணி படியிறங்கிப் போய்விட்டாள்.