ஆறு அட்டையில் ஒரே இலை

சூரியநெல்லியில் நான் வேலை பார்த்த ரிசார்ட்டின் மேனேஜருக்குத் தெரியாத விஷயமே கிடையாது. யானை எப்போது வரும், பனி எப்போது விலகும், எல்லாம் சொல்வார். ஒரு நாள் லேஸ் பின்னலும் தெரிந்துவிட்டது. கட்டிக்கொடுத்த ஊரில், நாகர்கோவில் பக்கம், எட்டு வருடம் அதைப் பின்னிவிட்டுத் திரும்பி வந்தவள் நான். படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு, விருந்தினர்களுக்கு வொர்க்‌ஷாப் என்றார். நன்றாக நடந்தால் லேஸ் அறை திறப்பாராம், எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பெண்களுக்கு வேலை தருவாராம். நான் ஒரு சொல்லையும் நம்பவில்லை.

அவர் நீட்டிய படத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. தேயிலையாம். அவரே கம்ப்யூட்டரில் வரைந்த மகா காவியம். லேஸுக்குப் படத்தை அட்டையில் ஒட்டி, குண்டூசி நிற்க வேண்டிய இடமெல்லாம் முன்கூட்டியே துளை போட வேண்டும். அந்த ஊசிகளைச் சுற்றித்தான் நூல் போகும். இவர் இலையில் காம்பு வழியாகப் பத்து ஜோடி நூல் நுழைகிறது. நுனியில் இருப்பதோ ஒரே ஒரு துளை.

"நுனியில இத்தன நூலும் அடைச்சுக்கும் சார். மாத்தி வரையணும்."

"அதொக்க நிங்க அட்ஜஸ்ட் செய்தா போதும் சேச்சி. டிசைன்ல தொடண்டா."

தொடவில்லை. ஒரு துளை கூட்டாமல் குறைக்காமல் ஆறு அட்டை குத்தினேன், குத்துக்கு ஒரு வசவோடு. விருந்தினர் முன்னால் அவர் முகத்தில் கரி பூசியே ஆக வேண்டும் என்றிருந்தது.

வொர்க்‌ஷாப் அன்று விருந்தினர்கள் ஜீப் ஏறி மலை பார்க்கப் போய்விட்டார்கள். பின்னலாவது மண்ணாவது. மேனேஜர் அசரவில்லை. லயத்திலிருந்து ஆறு பெண்களை அழைத்து வந்து உட்கார வைத்தார். இலையை முடிப்பவர்களுக்கு வேலை நிச்சயம், அறைக்குப் பெயின்ட்கூட அடித்தாயிற்று என்றார். போய்ப் பார்த்தேன். நிஜமாகவே அடித்திருந்தது.

அந்த ஆறு பேரில் என் மதினியும் ஒருத்தி. மழையில் கொழுந்து கிள்ளியே இடுப்பு போனவள். மதியத்துக்குள் கை பழகி, பாதி இலைவரை அழகாகப் பின்னிவிட்டாள். சாயங்காலம் நுனிக்கு வந்ததும் நூல் முண்டு முண்டாக அடைத்துக்கொண்டது. பிரித்துப் பின்னினாள். மறுபடியும் அடைத்தது. மற்ற ஐந்து பேருக்கும் அதே கதிதான்.

"நமக்கு இதெல்லாம் வராது போல. கொழுந்து கிள்ளுன கையில்லா" என்று மதினி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"பரவால்ல, இவங்களுக்கு இது சரியாவில்ல" என்றார் மேனேஜர்.

அட்டைதான் தப்பு என்று சொல்லியிருக்கலாம். தெரிந்தே ஏன் குத்தினாய் என்று மதினி கேட்டால்? குனிந்து குண்டூசி பொறுக்கிக்கொண்டிருந்தேன். மறுநாள் அவள் கொழுந்துக்குப் போனாள். மேனேஜராவது தெரியாமல் வரைந்தார்.