சேவலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு

எனக்கு ஒரே சாமி, பெருமாள். மற்ற சாமிகள் இல்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. இருக்கிறார்கள். பயமே அதுதான். இல்லை என்று நினைக்கத் தெரிந்திருந்தால் என் வீட்டுக்காரரைப் போல நானும் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அப்பா படுத்த படுக்கையானபோது அம்மா ஏழு கோயிலுக்கு நேர்ந்துகொண்டாள். அப்பா போன பிறகு, இந்தச் சாமிக்குச் செய்யாமல் விட்டதுதான், அந்தச் சாமிக்குக் குறை வைத்ததுதான் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அந்த வருஷம் ஏழாம் வகுப்போடு என் படிப்பும் நின்றது. ஏழு பேருக்குப் பயந்து என்னால் இருக்க முடியாது என்றுதான் ஒருவரைப் பிடித்துக்கொண்டேன்.

போன வருஷம் திருத்துறைப்பூண்டி பக்கத்தில் ஒரு வயலைக் குத்தகைக்கு எடுத்தோம். அதன் ஈசானி மூலையில், வாய்க்கால் ஓரமாக ஒரு பனைமரம். அடியில் சுண்ணாம்பு அடித்த ஒரு செங்கல், பக்கத்தில் மண்ணில் நட்ட அரிவாள். முனி. யார் அந்த வயலைப் பயிர் செய்தாலும் நடவுக்கு முன்னால் ஒரு சேவல் அறுத்துக் கொடுக்க வேண்டும் என்று, நிலத்தைப் பார்த்துக்கொள்கிற பெரியவர் சொன்னார்.

"புரட்டாசிங்க. எங்க வீட்டுல முட்டைகூட உடைக்க மாட்டோம்" என்றேன்.

"நீயாம்மா திங்கப்போற? அவருக்குத்தானே கேக்குறேன்."

"நான் வேற சாமிய கும்புடுறதில்லைங்க."

"கும்புட வேணாம்மா. குடுத்தாப் போதும். அவருக்கு மொறதான் பெருசு."

கொடுப்பதும் கும்பிடுவதும் ஒன்றா, வேறா? அதை யாரிடம் போய்க் கேட்பது? என் வீட்டுக்காரர் சிரித்தார். "ஏங்க, அவருக்குப் பசிச்சா அவரே ஊருக்குள்ள வந்து புடிச்சுக்க மாட்டாரா?" பெரியவர் சிரிக்கவில்லை. சேவல் கொடுக்காமலே நடவு முடிந்தது.

அதன் பிறகு மடையைத் திறக்கப் போகும்போதெல்லாம் அந்தப் பனையைத் தாண்டித்தான் போனேன். செருப்போடு போனால் அவருக்கு அவமரியாதை. கழற்றினால் பெருமாளுக்குத் தெரியாமல் இன்னொருவருக்கு மரியாதை. வரப்பு வழுக்குகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வேன்.

நட்டு ஒன்பதாம் நாள் என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் கண் மஞ்சளாகிவிட்டது, சிறுநீர் பிரியவில்லை. தஞ்சாவூருக்குக் கொண்டுபோனோம். "வெறுங்காலோட சேத்துல நின்னாரா? எலிக்காய்ச்சல்மா. எலி மூத்திரம் கலந்த தண்ணியால வர்றது. கிட்னி தாங்குதான்னு ரெண்டு நாள் பாக்கணும்" என்றார் டாக்டர்.

டாக்டர் தண்ணீரைச் சொன்னார். எனக்கு அந்தப் பனைமரத்தடி நினைவுக்கு வந்தது. வயலில் எலி வளை முழுக்க அங்கேதான் இருந்தது. அப்படியானால் எலி யாருடையது?

வார்டு வாசலில் நாத்தனார் என்னைப் பிடித்துக்கொண்டாள். "ஏன் அண்ணி, ஒரு சேவலு. உங்க பெருமாளுக்குப் பயந்துகிட்டு அத குடுக்க முடியல. இப்ப எங்கண்ணன குடுக்கப் போறீங்களா?"

அவளை அங்கேயே உட்காரச் சொல்லிவிட்டு, கடைத்தெருவில் ஒரு சேவல் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அன்று புரட்டாசிச் சனிக்கிழமை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்தான் குடித்திருந்தேன். விரத வயிற்றோடு, காலைக் கட்டிய சேவலை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். வயலுக்குப் போய்ச் சேர்ந்தபோது சரியாக உச்சிப்பொழுது. முனி நடமாடுகிற நேரம் என்று எல்லோரும் ஒதுங்குகிற நேரம். சுற்றிலும் ஒரு ஆள் இல்லை. நட்ட பயிர் அசையாமல் நின்றது.

சேவலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். கை ஓய்ந்திருந்தால் தானாகக் கூப்பிவிடும் என்று பயம்.

"நான் கும்புட வரலைங்க. நீங்க இருக்கீங்க, தெரியும். இது உங்களுக்கு. அறுக்க எனக்குக் கை வராது. அவர விட்டுடுங்க."

குனிந்து, கை கூப்பாமலே கட்டை அவிழ்த்தேன். சேவல் ஓடும் என்று நினைத்தேன், ஓடவில்லை. செங்கல்லுக்கு முன்னால் நின்று என்னையே பார்த்தது. வாங்கிக்கொண்டாரா, வேண்டாம் என்கிறாரா? திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். கோவிந்தா என்று சொல்ல வாய் துடித்தது. முனியின் எல்லைக்குள் நின்று அந்தப் பேரைச் சொன்னால் கொடுத்ததும் கெட்டுவிடுமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். வாய்க்கால் மதகைத் தாண்டிய பிறகுதான் சொன்னேன். சொன்னதும் அடுத்த பயம் பிடித்தது. பெருமாள் கேட்பாரே: இவ்வளவு நேரம் எங்கேயடி இருந்தாய்?

மறுநாள் மத்தியானம் அவருக்குச் சிறுநீர் பிரிந்தது. ஊசி மருந்து வேலை செய்கிறது என்று நர்ஸ் சொன்னாள். நான் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. ஒருவருக்குச் சொன்னால் இன்னொருவர் காதில் விழும்.

அதற்கடுத்த நாள் அவர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தார். மனசு தாங்காமல் நடந்ததைச் சொன்னேன். சிரிப்பார் என்றுதான் சொன்னேன். "பைத்தியம், இவ்ளோ தூரம் பஸ்ஸுல சேவலத் தூக்கிக்கிட்டா போன?" என்று கேட்பார், அதோடு என் பயம் பாதியாகும் என்று நினைத்தேன். இத்தனை வருஷமும் அப்படித்தான் கழிந்தது. சாமியாவது பூதமாவது என்று அவர் சொல்லச் சொல்லத்தான் நான் தைரியமாக ஒரு சாமியோடு இருந்தேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"கையக் கூப்புனியா?"

"இல்ல."

போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார். பிறகு மெதுவாக, "கூப்பியிருக்கலாம்ல" என்றார்.

பேச்சை மாற்றுவதற்காக, "பயிரு காயும். நாளைக்குப் போயி மடையத் தொறந்து விட்டுட்டு வந்துடுறேன்" என்றேன்.

"வேணாம். நீ தனியா அங்க போகாத" என்றார்.