காசில்டாவின் தோப்பில் வெட்டப்பட்ட வரிசைகள்

இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பக்கத்துத் தோப்பு காசில்டாவுடையது. புருஷன் செத்த பிறகு தனியாளாக நின்று பாதாம் வளர்த்தவள். இரண்டு வரிசை மார்கோனா ரகப் பாதாம் வைத்தால் நடுவில் ஒரு வரிசை தெஸ்மாயோ ரகம் வைப்பாள். நல்ல விலை போவது மார்கோனாதான். ஆனால் தெஸ்மாயோவின் மகரந்தத்தைத் தேனீக்கள் கொண்டுவந்து சேர்க்காவிட்டால் மார்கோனாவில் ஒரு காய்கூடப் பிடிக்காது.

ஒரு வருஷம் அறுவடை முடிந்ததும் அவள் இடுப்பு ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தோப்பைப் பார்த்துக்கொள்ள வந்த அவள் தம்பி ஃபெர்மின், "விலை போகாத மரத்துக்குத் தண்ணி எதுக்கு?" என்று தெஸ்மாயோவை ஒன்று விடாமல் வெட்டி விறகாக்கினான். தடுக்கப் போனேன்.

"எலுமிச்சை வளக்குற உனக்குப் பாதாமைப் பத்தி என்ன தெரியும்? உன் வேலையைப் பாரு" என்றான்.

பிப்ரவரியில் அவள் கம்பூன்றி வந்தபோது மார்கோனா கிளை தெரியாமல் பூத்திருந்தது.

"பாத்தியாக்கா, என்னைக்காவது இப்படிப் பூத்திருக்கா?" என்று இளித்தான்.

காசில்டா, வெட்டப்பட்ட தெஸ்மாயோவின் அடிக்கட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மாப்பிள்ளைய வெட்டி அடுப்புல வச்சுட்டு, பந்தல் நல்லாருக்கான்னு எங்கிட்டயே கேக்குறியாடா?"