மத்தியானத்தில் கேட்ட பெரட்டுத் தப்பு

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

நம் பள்ளிக்கூடத்தில் எஸ்.எஸ்.சி. வகுப்பு வேண்டும் என்று கேட்ட கூட்டத்தில், எல்லார் முன்னாலும் தேயிலைத் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "லயத்துப் புள்ளைங்களுக்கு அவ்வளவு படிப்பு எதுக்கு மாஸ்டர்? அப்புறம் கொழுந்து யாரு எடுக்கிறது?"

அதை நான் மறக்கவில்லை.

விடியற்காலையில் தப்படித்து ஆட்களைப் பெரட்டுக்கு, அன்றைய வேலை பிரிக்கும் கூட்டத்துக்கு, அழைக்கும் முனியாண்டியின் மகள் செல்லம்மா இந்தமுறை எஸ்.எஸ்.சி. பரீட்சை எழுதினாள். தோற்றால் மறுநாளே அவளும் பெரட்டுக்கு வர வேண்டும் என்று கிளாக்கர் சொல்லிவைத்திருந்தார்.

இன்று மத்தியானம் முடிவு வந்தது. செல்லம்மா தேறிவிட்டாள்!

முனியாண்டி தப்பை எடுத்துக்கொண்டு பெரட்டுக் களத்துக்குப் போய் அடித்தார், மலையே அதிரும்படி. என்னவோ ஏதோ என்று பெண்கள் கூடையோடு ஓடிவந்தார்கள்.

கிளாக்கரும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "யோவ், ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? இந்நேரத்துல என்னய்யா பெரட்டு?"

"நாளைக்கு எம் மக பெரட்டுக்கு வராதுங்கய்யா. பாஸாயிருச்சு. அதச் சொல்லத்தான் எல்லாரையும் கூப்பிட்டேன்."

பெண்கள் குலவை போட்டார்கள். ஒருத்தி தன் கூடையைக் கழற்றிக் கிளாக்கரிடம் நீட்டினாள். "கொழுந்து யாரு எடுக்கிறதுன்னு கேட்டீங்களே, இந்தாங்க கிளாக்கரய்யா!"

அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

இதைக் கடைவீதித் தேத்தண்ணிக் கடைச் சுவரில் ஒட்டப்போகிறேன். பதில் எழுதக் கீழே இடம் விட்டிருக்கிறேன், கிளாக்கரும் எழுதலாம்.

பெயர் மட்டும் போடப்போவதில்லை. யார் எழுதியதென்று ஊருக்கே தெரியும். ஆனால் நான்தான் எழுதினேன் என்று சொல்லக் கிளாக்கருக்கு ஒரு சாட்சிகூடக் கிடைக்காது.