சாய்ந்த எழுத்தில் அத்தை பெயர்

பேரனின் கல்யாணப் பத்திரிகைக்குக் கணினியில் எழுத்து தேடினார்கள். வலப்பக்கம் சாய்ந்து, வால் சுருண்டு, ஆடுவதுபோல ஓர் எழுத்து திரையில் வந்ததும் எனக்கு அச்சு மை வாசனை அடித்தது.

ஐம்பதுகளில், எனக்கு எட்டு வயதில், அப்பா என்னைக் கிருஷ்ணகிரி அச்சகத்துக்குக் கூட்டிப்போனார். இளம் வயதில் கணவனை இழந்த ராஜம்மா அத்தைக்கு மறுகல்யாணம். யாருக்கும் சொல்லாமல் கோயிலில் முடித்துவிடலாம் என்று பெரியப்பா சொன்னதை அப்பா கேட்கவில்லை.

அங்கிருந்த மாதிரித் தாளில் நான் இதே சாய்ந்த எழுத்தைக் காட்டினேன். அச்சுக் கோப்பவர் தயங்கினார்.

"அது மொதக் கல்யாணத்துக்குப் போடறதுங்க. இதுக்குச் சாதா எழுத்து போதாதுங்களா?"

"என் தங்கச்சி ஒளிஞ்சுக்கிட்டுப் போகலீங்க. அவ பேரை அதுலயே போடுங்க, பெருசா" என்றார் அப்பா.

பத்திரிகை அச்சாகி எங்கள் ஊர் குந்தாரப்பள்ளிக்கு வந்ததும் அதை அத்தையிடம் நான்தான் கொடுத்தேன். அவள் தன் பெயரை விரலால் தடவினாள்.

"என்னடி இது, எம் பேரு குதிக்குது!"

அத்தை வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் முதலில் கேட்டேன்.

மறுநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, வீடு வீடாகத் தானே பத்திரிகை வைக்கக் கிளம்பினாள். சிலர் எங்களைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்கள். அத்தை அடுத்த வீட்டுப் படியேறினாள்.