அப்பாவின் வண்டிக் கண்ணாடி

என் அப்பா என் அம்மாவை ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை. அடித்தார் என்று எழுதியவள் நான்.

குடித்துவிட்டு வந்தார் என்றும், இடுப்பு வாரைக் கழற்றினார் என்றும் எழுதினேன். பொய்! அத்தனையும் பொய். அவர் இடுப்பில் வாரே கட்டுவதில்லை. கல்யாண வீட்டில்கூட கலர் சோடாவோடு எழுந்து வந்துவிடும் மனிதர் அவர்.

ஏன் எழுதினாய் என்று கேட்பீர்கள். மதிப்பெண்ணுக்காக... அப்படிச் சொன்னால் முழு உண்மை ஆகாது. என்னை எல்லோரும் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதற்காக எழுதினேன்.

படூரில் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியமும் எழுத்தும் சேர்ந்த முதுகலைப் படிப்பு படித்தேன். கருங்குழியில் எங்கள் வீட்டில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான். கூடப் படித்தவர்கள் வீட்டிலேயே ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்கள். வகுப்பில் அவர்கள் சிரித்த பிறகு யோசித்துச் சிரிப்பேன்.

எழுத்து வகுப்பில் ஒரு முறை உண்டு. வட்டமாக உட்காருவோம். ஒருவர் தன் சொந்த வாழ்க்கையிலிருந்து எழுதியதைப் படிப்பார். மற்றவர்கள் அதை அலசுவார்கள். அலசி முடிக்கும்வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது.

முதல் முறை நான் அப்பாவைப் பற்றி எழுதியது உண்மை. ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்துக்குக் கூட்டிப்போய் வறுத்த மீன் வாங்கித் தந்து, முள்ளை அவரே எடுத்துப் போடுவார் என்று எழுதினேன். “அழகா இருக்கு” என்றார்கள். இரண்டு நிமிடத்தில் அடுத்த ஆளுக்குப் போய்விட்டார்கள். “இதில் வலி எங்கே இருக்கிறது?” என்று மட்டும் பேராசிரியர் கேட்டார்.

அடுத்த மாதம் வலியைக் கொண்டுபோனேன்! வாரும் சாராயமும் பக்கத்து வீட்டில் கேட்டவை. பேரும் ஊரும் வண்டியும் என் அப்பாவுடையவை. எழுதும்போது என் கை கூசவே இல்லை, நம்புவீர்களா?

வகுப்பே அழுதது. ஒரு பெண் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். உண்மைதானா என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் வாய் திறக்கக் கூடாதே... அந்த விதி எனக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று! துறை இதழில் முதல் கட்டுரையாகப் போட்டார்கள். ‘இவை என் சொந்த அனுபவங்கள்’ என்ற தாளில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

இதழை வீட்டில் ஒளித்துத்தான் வைத்தேன். துணிப் பைக்குள் இருந்து அப்பாவே எடுத்துவிட்டார். என் படத்தைப் பார்த்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

“இன்னா பாப்பா எழுதிகீற இதுல?”

“உன்னப் பத்திதாம்பா.”

“என்னப் பத்தியா? எம் பேரும் வந்துகீதா?”

விரலை வைத்துக் காட்டினேன். அந்த எழுத்துகளைத் தடவிப் பார்த்தார். “யம்மா, இங்க வா, இங்கிலீசு புக்குல எம் பேரு வந்துகீது!” என்று அடுப்படியில் இருந்த அம்மாவைக் கூப்பிட்டார். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். நின்றேனே, பாவி!

அப்பா வேன் ஓட்டுபவர். காலையில் செங்கல்பட்டில் ஏழு பெண்களை ஏற்றிக்கொண்டு நாவலூரில் அவர்கள் அலுவலகத்தில் விடுவார். சாயங்காலம் திரும்பக் கூட்டிவருவார். ஒன்பது வருடம் அதே வேலை. விடுதிக்குத் திரும்பும் திங்கட்கிழமைகளில் அதே வண்டியில்தான் நானும் படூரில் இறங்குவேன். அவர்களுக்கு அவர் ‘அண்ணா’. ஒருத்திக்குப் பிரசவ வலி எடுத்தபோது அவள் வீட்டுக்காரன் வருமுன் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றவர் அவர்.

அந்தப் பெண்களிடம் இதழைக் கொடுத்திருக்கிறார். “எம் பொண்ணு என்னப் பத்தி எழுதிகீதும்மா, படிச்சிப் பாருங்க” என்று அவரே, தன் கையாலேயே!

அடுத்த திங்கள் வண்டியில் ஏறினேன். பெண்கள் எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். படூரில் நான் இறங்கும்போது பிரசவம் ஆன அந்த அக்கா என் கையைப் பிடித்து, அப்பாவின் காதில் விழாமல், “தைரியமா இரும்மா. எதுனா ஒண்ணுன்னா எனக்கு போன் பண்ணு” என்றாள்.

அந்த நொடியில் புரிந்தது எனக்கு. அக்கா, அது பொய் என்று சொல்ல மூன்று வார்த்தை போதும். தலையை மட்டும் ஆட்டினேன்.

பத்தே நாளில் அப்பாவை வேலையை விட்டு நிறுத்தினார்கள். வேன் விட்ட காண்டிராக்டர் காரணம் சொல்லவில்லை. அப்பா நேரே என்னிடம் வந்தார்.

“நாம இன்னா தப்பு பண்ணோம்னு கேட்டு கம்பெனிக்கு ஒரு லெட்டர் போடு பாப்பா. நல்ல இங்கிலீசுல போடு.”

போட்டேன். மிக நல்ல ஆங்கிலத்தில் போட்டேன். மூன்றாம் நாள் என் மின்னஞ்சலுக்குப் பதில் வந்தது. ஓட்டுநர் மீது வேறு எந்தப் புகாரும் இல்லை, அவருடைய மகளே எழுதியதைப் படித்த பிறகு இந்த வண்டியில் பெண்கள் வர அஞ்சுகிறார்கள் என்று அதில் இருந்தது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வண்டிங்கள கொறைக்கிறாங்களாம்பா” என்றேன்.

உண்மையைச் சொன்னால் என்ன ஆகியிருக்கும்? பட்டம் போயிருக்கலாம். செங்கல்பட்டில் இன்று பார்க்கும் இந்த விரிவுரையாளர் வேலை கிடைத்திருக்காது. இதையெல்லாம் அன்று யோசித்தேனா என்று கேட்டால்... யோசித்தேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன்.

அதோடு முடியவில்லை. ஒரு வாரம் கழித்து, அதே பெண்கள் அதே பாதையில் வேறொருவன் ஓட்டும் வண்டியில் போவதை அப்பா பார்த்துவிட்டார். என்னைச் சந்தேகப்பட அவருக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து சோற்றில் கையை வைத்தபடி அம்மாவிடம் கேட்டார்.

“நான் அந்தப் பொண்ணுங்கள தப்பா எப்பனா பாத்துட்டனா? எனக்கே தெரியாம?”

“தூ! இன்னா பேச்சு பேசற? இருவத்தஞ்சி வருசமா என்ன ஒரு சொல்லு சொல்லாத மனுசன், நீயா பாப்ப? துன்னுய்யா” என்று அம்மா அதட்டினாள். அவர் சாப்பிடவில்லை.

உள்ளறையில் பாடப் புத்தகமோ ஏதோ கையில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து போயிருக்க வேண்டாமா? நீங்களாக இருந்தால் போயிருப்பீர்கள் அல்லவா? நான் போகவில்லை.

இதெல்லாம் நடந்து நான்கு வருடம் ஆகிறது. அப்பா இப்போது சுற்றுலா வருபவர்களுக்கு வேன் ஓட்டுகிறார். முன்பெல்லாம் வண்டியில் ஏறினால் வாய் ஓயாது அவருக்கு. இப்போது ‘எங்க எறங்கணும்’ என்பதோடு சரி. வயசாகிறது என்று அம்மா நினைத்துக்கொள்கிறாள்.

என் மாணவர்களிடம் நான் நாள்தோறும் என்ன சொல்கிறேன் தெரியுமா? உண்மையை எழுதுங்கள் என்கிறேன்! குரல்கூட நடுங்குவதில்லை.

போன சனிக்கிழமை அவர்களில் மாணவிகள் எட்டுப் பேரை மாமல்லபுரத்துக்குக் கூட்டிப்போக அப்பாவின் வண்டியையே பேசினேன். அவருக்குச் சந்தோஷம். சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தார். பெண்கள் சிரிப்பும் கூச்சலுமாக ஏறினார்கள். நான் முன் இருக்கையில், அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வண்டியைக் கிளப்புமுன் அவர் ஒரு காரியம் செய்தார். உள்ளே நடுவில் இருக்கும் கண்ணாடியை, பின்னால் இருப்பவர்கள் தெரியாதபடி, கூரையைப் பார்க்கத் திருப்பி வைத்தார். பழகிப்போன கையாகச் செய்தார்.

“அண்ணா, அது இல்லாம எப்படி ஓட்டுவீங்க?” என்று ஒருத்தி கேட்டாள்.

“சைடுல ரெண்டு கீதும்மா, போதும்” என்றார், திரும்பிப் பார்க்காமல்.

நான் கையை நீட்டி அந்தக் கண்ணாடியைக் கீழே இறக்கினேன். அவர் பதறி, என் விரலை விலக்கி, மறுபடியும் மேலே திருப்பினார்.

“வோணாம் பாப்பா... பொம்பளப் புள்ளைங்க உக்காந்துகினு கீதுங்க” என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். வண்டி கிளம்பியது.