டிஷ்யூ பேப்பர் கேட்ட டேவிட்சன்

டேவிட்சன் தாரிணியிடம் முதன்முதலாகப் பேசியதே டிஷ்யூ பேப்பர் கேட்டுத்தான். ஏரிக்கரைப் படகு கிளப்பின் அலுவலகத்தில் அவள் சேர்ந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. எவ்வளவு வேண்டும் என்று கேட்டாள். ஒரு டப்பா என்றார். ஜலதோஷமா என்றாள். இல்லை, கம்பிக்கு என்றார். கம்பியைத் துடைக்கப் பழைய துணி போதாதா என்று கேட்டாள்.

"நக்கோம்மா, துணி ஏமாத்திரும். ஒத்த இழை அறுந்து நின்னாலும் டிஷ்யூ மாட்டிக் கிழியும். அப்பத்தான் கம்பி போகப்போகுதுன்னு தெரியும்."

டிஷ்யூ பேப்பர் விருந்தோம்பல் கமிட்டியின் பொறுப்பு, அவர்கள் கையெழுத்து வேண்டுமே என்று அவள் தயங்கினாள்.

"ஹவ், தெரியும். ஆறு வருஷமா கேன்டீன்லேர்ந்து சொல்லாமத்தான் எடுக்கிறேன். ஒரு தடவையாவது கேட்டு வாங்குவோமேன்னு பார்த்தேன்," என்று சொல்லிவிட்டு, அவர் கேன்டீன் பக்கம் நடந்தார்.

டேவிட்சன் செகந்திராபாத்தில் பிறந்தவர்; அவர் வாயில் 'ஆமாம்' என்பது 'ஹவ்', 'வேண்டாம்' என்பது 'நக்கோ'. வாரத்தில் ஐந்து நாள் சனத்நகரில் செயின் செய்யும் பட்டறையில் வேலை. கத்தோலிக்கரான ஆக்னஸைக் கட்டியதால் ஞாயிற்றுக்கிழமை தன் சர்ச், அவள் சர்ச் என்று இரண்டு கோயில். மிச்சமிருந்த சனிக்கிழமையைக் கிளப்புக்குக் கொடுத்திருந்தார். நீச்சல் தெரியாது. பராமரிக்கும் படகில் ஒருநாளும் சவாரி போனதில்லை. யாரும் கூப்பிட்டதும் இல்லை.

கிளப்பின் மற்றப் பாய்மரப் படகுகளுக்கெல்லாம் சுக்கானைத் திருப்ப ஒரு கட்டைதான். தலைவர் சுப்பிரமணியத்துக்கு அது கௌரவமாகப் படவில்லை. சக்கரம் வைத்த படகு ஒன்றைக் கோவாவிலிருந்து லாரியில் வரவழைத்தார். அரை மணியில் கடந்துவிடக்கூடிய ஏரியில், பெருங்கடலைத் தாண்டப்போகிறவர் போல ஞாயிறுதோறும் வெள்ளைத் தொப்பியோடு அந்தச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஏரி நடுவே நிற்கும் புத்தர் சிலை பின்னணியில் விழும் இடம் வந்ததும் விருந்தினர்கள் போட்டோ எடுப்பார்கள்.

சக்கரம் பொருத்தியிருக்கும் தூணுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தவர் டேவிட்சன் ஒருவர்தான். சைக்கிள் செயின் போல ஒரு செயின், அதன் இரு முனைகளிலும் கம்பிக் கயிறு. அது உருளைகளைச் சுற்றிப் படகின் அடியோடு போய்ச் சுக்கானைத் திருப்பும். செயினுக்குச் சொட்டுச் சொட்டாக என்ஜின் ஆயில் விடுவார், பேரிங்குக்கு கிரீஸ் வைப்பார், எண்ணெய் தொட்ட டிஷ்யூவால் கம்பியை முழ முழமாக உருவுவார். சக்கரம் சுழலாமல் பிடித்து நிறுத்தும் பிரேக் கட்டையில் மட்டும் எண்ணெய் படவிடமாட்டார்.

ஒரு ஞாயிறு, போட்டோ எடுக்கும் நேரத்தில் சக்கரம் கீச்சிட்டது. செயலாளர் தண்டபாணி கேன்டீனிலிருந்து சமையல் எண்ணெயைக் கொண்டுவந்து மேலிருந்தே தாராளமாக ஊற்றினார். சத்தம் நின்றது; பிரேக்கும் நின்றது. செயலாளரின் தொழில்நுட்பத் திறனைப் பாராட்டிக் கமிட்டி தீர்மானம் போட்டது. அதை நல்ல ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தவள் தாரிணி. அடுத்த சனிக்கிழமை முழுக்க டேவிட்சன் பிரேக் கட்டையைச் சுரண்டிக்கொண்டிருந்ததையும் அவள் ஜன்னல் வழியே பார்த்தாள்.

இந்தப் பிப்ரவரியில் ஒரு முழக் கம்பியில் மூன்று இடத்தில் டிஷ்யூ கிழிந்தது. புதுக் கம்பி ஸ்டோரில் தயாராக இருந்தது. மாற்றி முடிக்க இரண்டு சனிக்கிழமை வேண்டும். நடுவில் வரும் ஞாயிறு படகு நிற்க வேண்டும். ஆனால் அந்த ஞாயிறுதான் ஆண்டு விழா. உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகள் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு தலைவர் ஏரியைச் சுற்றப்போவதாக அழைப்பிதழில் அச்சாகிவிட்டது. நடுஏரியில் கம்பி அறுந்தால் சக்கரம் சும்மா சுற்றும், படகு தன் இஷ்டத்துக்குப் போகும்.

டேவிட்சன் கமிட்டிக்கு அறிக்கை எழுதி, கிழிந்த டிஷ்யூவையும் சாட்சியாக அதோடு சேர்த்துக் குத்தி அனுப்பினார். 'கிழிந்த தாள்கள் ஏற்கப்படமாட்டா. சுத்தமான தாளில் மீண்டும் சமர்ப்பிக்கவும்' என்ற குறிப்போடு அது திரும்பி வந்தது. நேரில் போய்க் கேட்டதற்கு, சக்கரம் சத்தமே போடவில்லையே, அப்புறம் என்ன கோளாறு என்று தண்டபாணி அவரையே திருப்பிக் கேட்டாராம்.

விழாவுக்கு முந்தைய நாள் மத்தியானம் டேவிட்சன் அலுவலக வாசலில் வந்து நின்றார். ஆக்னஸின் பழைய புடவையில் சுற்றிய சக்கரம் அவர் தோளில் இருந்தது. ஒரு நட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடுமாம். வெளியே ஆட்டோ காத்திருந்தது.

"ரிஜிஸ்டர்ல எழுதணும்மா. சக்கரம் பாலிஷுக்குப் போயிருக்கு, அடுத்த சனிக்கிழமை வரும்னு. கம்பியைப் பத்தி ஒரு வார்த்தை நக்கோ. அதுக்குக் கமிட்டி கூடணும்."

அந்தக் கிளப்பில் யாரிடமும் அனுமதி கேட்காமல் செய்யக்கூடிய வேலை பாலிஷ் ஒன்றுதான். தாரிணிக்கு அது தெரியும். ஆனால் அந்த ரிஜிஸ்டரில் அவள் இதுவரை நடக்காத எதையும் எழுதியதில்லை.

"விழா நாளைக்குத்தானே அங்கிள்?"

"ஹவ். அதான் இன்னைக்கே எடுத்துட்டுப் போறேன்." சக்கரத்தை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டார். "பொய் எழுதறோமோன்னு யோசிக்காதீங்க. பாலிஷும் நிஜமாவே போட்டுக் கொண்டாந்துடுறேன். எழுதுங்கம்மா."